கனவுக்குள்ளே விழித்திருப்பது எப்படி?



பாரிஸ் நகரில் 1822-ஆம் ஆண்டு பிறந்த ஒரு சிறுவன் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டிலேயே பாடம். உடன் படிக்கத் தோழர்கள் இல்லை. பாடம் முடிந்த பொழுதுகளில் படம் வரைவதும் வண்ணம் தீட்டுவதும்தான் அவனுக்குத் துணை. பதின்மூன்று வயதில் ஒரு நாள், முந்திய இரவு கண்ட வினோதக் கனவு ஒன்றை வரைந்து பார்க்கலாமே என்று அவனுக்குத் தோன்றியது. வரைந்தான். அது பிடித்துப்போகவே, கனவுகளுக்கென்று தனியாக ஓர் ஏடு வைத்துக்கொண்டான். ஒவ்வொரு படத்திற்கும் பக்கத்தில் அந்தக் கனவு எப்படி வந்தது, எப்படி முடிந்தது என்று விளக்கமும் எழுதினான். அந்தப் பழக்கம் நிற்காமல் வளர்ந்து 22 ஏடுகளாயிற்று. 1,946 இரவுகளின் கனவுகள் அவற்றில் இடம்பெற்றன.

எர்வே டி சாந் டெனி என்ற அந்தச் சிறுவன் பின்னாளில் பாரிசின் புகழ்பெற்ற கொலேஜ் டி பிரான்சில் சீன மொழிப் பேராசிரியராக இருந்தார். கனவுகளைப் பற்றியும் அவற்றை வழிநடத்தும் முறைகளைப் பற்றியும் 1867-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஆசிரியர் பெயரே போடவில்லை. கற்றறிந்த ஒருவர் இப்படிப்பட்ட விஷயத்தை எழுதுவது அந்நாளில் கொஞ்சம் சங்கடமான காரியமாக இருந்திருக்கும்.

அந்த நூலில் அவர் தரும் ஒரு கணக்கைத்தான் இன்றைக்குக் கனவுப் பயிற்சி தொடங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஏடு எழுதத் தொடங்கி 207-ஆவது இரவில்தான், கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘இது கனவு’ என்று அவருக்கு முதன்முதலாகத் தெரிந்தது. ஏறக்குறைய ஏழு மாதங்கள். சொல்லித் தர ஆசிரியர் இல்லை, வழிகாட்டும் புத்தகம் இல்லை. எழுதியதும் வரைந்ததும் மட்டுமே அவர் செய்த வேலை. அதன் பிறகு ஆறு மாதம் சென்றபோது ஐந்து இரவுகளில் இரண்டில் அந்தத் தெளிவு வந்தது. பதினைந்து மாதத்தில் ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் வந்தது.

இதைத் தெளிகனவு என்று சொல்லலாம். உறங்குகிறவர் உறங்கிக்கொண்டேதான் இருப்பார். கனவும் கலையாது. ஆனால், தாம் காண்பது கனவு என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். தெளிவு என்ற பொருள் தரும் இந்தப் பெயரை ஐரோப்பாவில் நிலைநிறுத்தியவர் டச்சு நாட்டு எழுத்தாளரும் மருத்துவருமான ஃபிரடெரிக் வான் ஈடன். 1913-இல் எழுதிய கட்டுரையில் அவர் அதைப் பயன்படுத்தினார். பெயர்தான் புதிது. உறக்கத்திலும் விழிப்புணர்வைக் கைவிடாதிருக்கும் பயிற்சி திபெத்திய பௌத்த மரபில் பல நூற்றாண்டுகளாகவே உண்டு.

இது யாரோ சிலருக்கு மட்டும் வாய்க்கும் வரம் என்று எண்ணிவிட வேண்டாம். 50 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான கணக்கின்படி, வாழ்நாளில் ஒரு முறையாவது தெளிகனவு கண்டவர்கள் 55 விழுக்காட்டினர். மாதம் ஒரு முறையோ அதற்கு மேலோ காண்பவர்கள் 23 விழுக்காட்டினர். ‘ஐயோ, இது கனவுதானே, எழுந்துவிட வேண்டும்’ என்று நினைத்துத் திடுக்கிட்டு விழித்த அனுபவம் பலருக்கும் இருக்கும். அதுவும் இந்த வகையில் சேர்ந்ததுதான்.

உறங்குகிறவர் சொல்வதை எப்படி நம்புவது என்ற கேள்வி நெடுங்காலம் இருந்தது. விழித்த பிறகு கற்பனையாகச் சொல்கிறார் என்றார்கள். அரை விழிப்பில் கண்டதைக் கனவு என்கிறார் என்றும் சொன்னார்கள். இதற்கு விடை கண்களிலிருந்து வந்தது. கனவு மிகுந்த உறக்கத்தில் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசைவதை 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் எழுதினார்கள். அந்த நேரத்தில் கை கால் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கும். இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடுவார். கண்களுக்கு மட்டும் அந்தக் கட்டு இல்லை. அப்படியானால் கனவு காண்பவர் கண்ணால் சைகை காட்ட முடியுமல்லவா?

இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் என்ற ஆய்வாளர் அதைத்தான் சோதித்தார். ஆலன் வோர்ஸ்லி என்பவர் அடிக்கடி தெளிகனவு காண்பவர். கனவில் தெளிவு வந்ததும் விழிகளை இடமும் வலமுமாகக் குறிப்பிட்ட முறை அசைக்க வேண்டும் என்பது இருவருக்கும் இடையிலான ஏற்பாடு. 1975 ஏப்ரல் 12-ஆம் நாள் காலை, வோர்ஸ்லி ஆழ்ந்து உறங்குவதைக் கருவிகள் காட்டிக்கொண்டிருந்தபோதே அந்தச் சைகை தாளில் கோடுகளாகப் பதிந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் லபெர்ஜ் தனியாக இதே முறையைக் கையாண்டு 1981-இல் முடிவுகளை வெளியிட்டார்.

2021-இல் இன்னும் ஒரு படி முன்னேறினார்கள். அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் 36 பேரை உறங்க வைத்து, கனவுக்குள் இருக்கும்போதே கேள்வி கேட்டன. எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை? உறங்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் விழிகளை இரண்டு முறை அசைத்தார். கேட்கவே புல்லரிக்கிறது. ஆனால் மொத்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். 158 முறை கேட்டதில் சரியான விடை வந்தது ஏறக்குறைய 18 விழுக்காடுதான். 60 விழுக்காட்டுக்கு மேல் பதிலே இல்லை. ஆய்வுக்கூடத்தில், கருவிகளின் துணையோடு, தேர்ந்தவர்களும் கலந்திருந்த கூட்டத்திலேயே இப்படி என்றால், வீட்டில் தொடங்குகிறவர் பத்து நாளில் மனம் தளர்வது நியாயமாகாது.

சரி, எங்கே தொடங்குவது? எர்வே தொடங்கிய இடத்தில்தான். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும். காலையில் கண் திறந்ததும் புரண்டு படுக்கக் கூடாது, கைப்பேசியைத் தொடக் கூடாது. உடம்பு எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே சற்று நேரம் அசையாமல் கிடந்து, ‘இப்போது எங்கே இருந்தேன், யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்?’ என்று பின்னோக்கிப் போக வேண்டும். ஒரு முகம் அகப்பட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றது வரும். ஒன்றுமே நினைவில் இல்லை என்றால், எழுந்தபோது மனத்தில் இருந்த உணர்ச்சியை மட்டும் எழுதலாம். பயமா, ஏக்கமா, சிரிப்பா? அதுவும் ஒரு பதிவுதான். முதல் வாரம் வெறும் தாளாகவே போகக்கூடும். எர்வேயின் நினைவிலும் தொடக்கத்தில் இடைவெளிகள் இருந்தன. எழுத எழுத அவை நிரம்பின.

இந்த வேலையைத்தான் பலர் தாண்டிப்போகப் பார்க்கிறார்கள். கனவில் பறக்க வேண்டும், விரும்பிய இடத்திற்குப் போக வேண்டும் என்ற அவசரம். கண்ட கனவே நினைவில் தங்காதவருக்குத் தெளிகனவு வந்துதான் என்ன பயன்? அதுவும் சேர்ந்து மறந்துபோகும்.

இரண்டு மூன்று வாரம் எழுதிய பிறகு ஏட்டைத் திருப்பிப் பார்த்தால் ஒன்று புலப்படும். கனவுகள் வேறு வேறாக இருந்தாலும் சில காட்சிகள் திரும்பத் திரும்ப வரும். எஸ்.பி.எம். தேர்வு முடித்து இருபது ஆண்டு ஆனவர் இன்னும் கணிதத் தேர்வு மண்டபத்தைத் தேடி அலைவார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு, எப்போதோ இடித்துத் தள்ளிய லயத்து வீடு அப்படியே நிற்கும். இறந்துபோன பாட்டி அடுப்படியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருப்பார். இவையே கனவின் அடையாளங்கள். அவரவர்க்கு அவரவர் அடையாளம். அதை வேறொருவர் சொல்லித்தர முடியாது, சொந்த ஏடுதான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது, எந்த நேரத்தில் முயல்வது என்பது. உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. முன்னிரவில் ஆழ்ந்த உறக்கம் அதிகம், கனவு உறக்கம் சில நிமிடங்களே. விடியலை நெருங்க நெருங்கக் கனவு உறக்கம் நீண்டுகொண்டே போகும். ஆகவே தெளிகனவுக்கு உகந்த வேளை பின்னிரவும் விடியற்காலையும்தான். இங்கேதான் சிக்கல். ஜொகூர் பாருவிலிருந்து விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர், கனவு மிகுந்த அந்தக் கடைசிச் சுற்றைப் பறிகொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறார். ‘எனக்குக் கனவே வருவதில்லை’ என்று அவர் சொன்னால் அதில் வியப்பில்லை. இரவுப் பணி பார்க்கும் தொழிற்சாலை ஊழியர்களுக்கும் இதே நிலைதான். இவர்கள் வேலை நாளில் இந்தப் பயிற்சியைத் தொடவே வேண்டாம். விடுமுறை நாளின் காலை உறக்கம் இருக்கிறது.

இனி முறைக்கு வருவோம். பகலில் அவ்வப்போது, ‘இப்போது விழித்திருக்கிறேனா?’ என்று உண்மையாகவே ஐயப்பட்டுச் சோதிக்கச் சொல்வது ஒரு முறை. கடைப் பலகையில் உள்ள எழுத்தை ஒரு முறை படித்து, முகத்தைத் திருப்பி, மறுபடியும் படிக்க வேண்டும். கனவில் எழுத்து பெரும்பாலும் மாறிவிடும். அல்லது மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுத்துப் பார்ப்பது. கனவில் மூச்சு தடைபடாமல் போகும். பகலில் படிந்த பழக்கம் ஒரு நாள் கனவிலும் தலைகாட்டும் என்பது எதிர்பார்ப்பு.

லபெர்ஜ் வகுத்த முறை இன்னொன்று. ஐந்து மணி நேரம் உறங்கியபின் எழுந்து, கடைசியாகக் கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். ‘அடுத்த முறை கனவு காணும்போது, அது கனவு என்று நினைவு கொள்வேன்’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். வெறுமனே மந்திரம் போல் முணுமுணுத்தால் பயனில்லை. அதே கனவுக்குள் திரும்பிப் போவது போலவும், அடையாளத்தைக் கண்டதும் ‘ஓ, பாட்டி இறந்து பல வருஷமாயிற்றே, இது கனவு’ என்று உணர்வது போலவும் காட்சியாகப் பார்க்க வேண்டும். அப்படியே உறங்கிப்போக வேண்டும். கடைக்குப் போகும் வழியில் சர்க்கரை வாங்க வேண்டும் என்று மனத்தில் முடிச்சுப் போட்டு வைக்கிறோமே, அதே திறன்தான் இது. செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய இடத்தில் நினைவு கொள்வது.

எது பலன் தருகிறது? 2017-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் டென்ஹோம் ஆஸ்பி வெளியிட்ட ஆய்வில் 169 பேர் பங்குபெற்றார்கள். பகல் சோதனையை மட்டும் செய்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. பகல் சோதனையோடு, ஐந்து மணி நேரத்திற்குப் பின் எழுவதையும் லபெர்ஜின் முறையையும் சேர்த்துச் செய்தவர்கள் ஒரு வாரத்தில் 17 விழுக்காட்டு இரவுகளில் தெளிகனவு கண்டார்கள். அவர்களிலும் முறையை முடித்து ஐந்து நிமிடத்திற்குள் உறங்கிப்போனவர்களுக்கு வெற்றி 46 விழுக்காடு. வலிந்து முயன்று கண் விழித்துக் கிடப்பவருக்கு அல்ல, மனத்தில் எண்ணத்தை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவருக்கே கனவு வசப்படுகிறது.

முதல் முறை தெளிவு வரும்போது பெரும்பாலோர்க்கு நடப்பது ஒன்றுதான். ‘ஆகா, கனவில் இருக்கிறேன்!’ என்ற மகிழ்ச்சியிலேயே விழிப்பு வந்துவிடும். மொத்தம் பத்து விநாடி. இதைத் தோல்வி என்று யாரும் நினைக்கக் கூடாது. அடுத்த முறை கனவிலேயே இரு கைகளையும் தேய்த்துக்கொள்வது, சுற்றியுள்ள பொருளைத் தொட்டுப் பார்ப்பது, நின்ற இடத்திலேயே சுழல்வது என்று சில உபாயங்களைக் கடைப்பிடித்தால் கனவு சற்று நீடிக்கும். அப்போதும் எல்லாம் சொன்னபடி கேட்கும் என்பதில்லை. கனவு என்று தெரிவது வேறு, கனவை ஆள்வது வேறு. பறக்க நினைத்தவர் ஓர் அடி எழும்பிவிட்டுக் கீழே விழலாம்.

‘கனவை ஆளலாம்’ என்ற வாக்குறுதி எவ்வளவு எளிதில் விலைபோகும் என்பதற்கு மலேசியாவிலேயே ஒரு கதை இருக்கிறது. பேராக், கிளந்தான் மாநிலங்களின் மலைக்காடுகளில் வாழும் தெமியார் மக்கள், செனோய் என்ற பூர்வகுடிப் பிரிவைச் சேர்ந்தவர்கள். 1934-இல் கில்டன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் அவர்களிடையே சிறிது காலம் தங்கினார். அவர்கள் மொழி அவருக்குத் தெரியாது. அங்கு ஆய்வு நடத்திவந்த பாட் நூன் என்ற ஆங்கிலேயரின் மொழிபெயர்ப்பை நம்பியிருந்தார். 1951-இல் அவர் எழுதிய கட்டுரையில், செனோய் குடும்பங்கள் காலை உணவின்போது கூடிக் கனவுகளை அலசுவதாகவும், கனவில் புலி வந்தால் எதிர்த்து நிற்கும்படி பிள்ளைகளைப் பழக்குவதாகவும், அதனாலேயே அங்கு வன்முறையோ மனநோயோ இல்லை என்றும் சொன்னார். 1960-களில் அமெரிக்காவில் இது காட்டுத்தீயாகப் பரவியது. ‘செனோய் கனவு முறை’ என்று பயிற்சி வகுப்புகள் நடத்தினார்கள்.

பிறகு பூர்வகுடிகளோடு ஆண்டுக்கணக்கில் பழகி, மொழி கற்ற மானுடவியலாளர்கள் விசாரித்தார்கள். அப்படி ஒரு காலைக் கூட்டமும் இல்லை, கனவை அடக்கியாளும் பயிற்சியும் இல்லை. வில்லியம் டொம்ஹாஃப் 1985-இல் இதை ஒரு நூலாகவே எழுதினார். தெமியார் மக்களிடம் உண்மையில் இருந்தது வேறு. கனவில் மரமோ, மலையோ, ஆறோ ஓர் ஆவியாக வந்து பாட்டுக் கற்றுத்தரும். அந்தப் பாட்டைக் கொண்டு ஊரார் கூடி நோயாளியைக் குணப்படுத்துவார்கள். மரினா ரோஸ்மன் அவர்களோடு வாழ்ந்து 1991-இல் இதை விரிவாக எழுதினார். கனவுக்குக் கட்டளையிடுகிறவர்களாக அல்ல, கனவில் வருவதைக் கேட்டுக்கொள்கிறவர்களாகவே அவர்கள் இருந்தார்கள். ஏழே நாளில் கனவை வசப்படுத்தலாம் என்று கட்டணம் கேட்கிறவர்களைக் காணும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்வது பணத்தை மிச்சப்படுத்தும்.

ஆபத்துகளும் உண்டு. நள்ளிரவில் எழுந்து பயிற்சி செய்வதை வாரத்தில் ஓரிரு நாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தினமும் செய்தால் உறக்கம் கெடும். உறக்கம் கெட்டவர் மறுநாள் சாலையில் வண்டி ஓட்டுவது அவருக்கு மட்டுமல்ல, பிறருக்கும் ஆபத்து. இடையில் எழுந்து படுக்கும்போது சில வேளைகளில் மனம் விழித்து உடல் அசைய மறுக்கும். மார்பில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பேய் அமுக்கிவிட்டது என்று வீடுகளில் சொல்வது இதைத்தான். கனவு உறக்கத்தில் தளர்ந்த தசைகள் விழிப்பின்போதும் சிறிது நேரம் அப்படியே இருப்பதுதான் காரணம். பயப்படாமல் மூச்சைக் கவனித்தாலே சிறிது நேரத்தில் விலகிவிடும். ஆனால் எது நனவு எது கனவு என்ற குழப்பம் பகலிலேயே உள்ளவர்களும், மனச்சிதைவு போன்ற நோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களும் இந்தப் பயிற்சிக்கு வரக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். தெளிகனவு தரும் என்று அல்சைமர் நோய்க்கான கலான்டமின் மருந்தை வாங்கி விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது விளையாட்டுப் பொருள் அல்ல.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் ஒருவர் ஏன் இதைக் கற்க வேண்டும்? பறப்பதற்காக என்றால் அது வெறும் பொழுதுபோக்கு. பயங்கரக் கனவு ஒன்று திரும்பத் திரும்ப வந்து, படுக்கைக்குப் போகவே அஞ்சுகிறவருக்கு இது வேறு விஷயம். விபத்தில் பிழைத்தவருக்கும், கொடுமைக்கு ஆளானவருக்கும் இரவு என்பதே ஒரு தண்டனை. இத்தகையோரில் 23 பேரை வைத்து நெதர்லாந்தில் 2006-இல் வெளியான சிறு ஆய்வில், தெளிகனவுப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கொடுங்கனவுகள் குறைந்தன. இதில் ஒரு வேடிக்கை, தெளிகனவு வாய்க்காதவர்களுக்கும் பயன் கிடைத்தது. பகலில் அமர்ந்து அந்தக் கனவை நினைத்து, அதன் முடிவை வேறாக மாற்றிப் பழகியதே உதவியிருக்கலாம். கடுமையான கொடுங்கனவு உள்ளவர் தனியே முயல வேண்டாம், மனநல மருத்துவரின் துணை அவசியம்.

எர்வேக்கும் அப்படி ஒரு கொடுங்கனவு இருந்தது. அருவருப்பான பூதங்கள் துரத்தும். அவர் அறை அறையாக ஓடுவார். ஒவ்வொரு கதவையும் திறந்து மூடுவதற்குள் கை நடுங்கும். பின்னால் அவை கதவைத் திறந்துகொண்டு வரும் சத்தம் கேட்கும். வியர்த்து விழிப்பார். இது சில முறை வந்தது. ஒரு முறை ஓடிக்கொண்டிருக்கும்போதே, இது கனவு என்ற தெளிவு வந்துவிட்டது. ஓடுவதை நிறுத்தினார். முதுகைச் சுவரில் சாய்த்து நின்று, பூதங்களை நேராகப் பார்ப்பது என்று முடிவு செய்தார். முதலில் திக்கென்றது. எல்லாவற்றிலும் முன்னால் வந்ததை மட்டும் ஓவியன் பார்ப்பது போல உற்றுப் பார்த்தார். தேவாலய வாசல்களில் கல்லில் செதுக்கியிருக்கும் பிசாசு உருவம் போல் இருந்தது. சீறியது, குதித்தது. அதன் ஒரு கையில் ஏழு நகங்கள் இருப்பதை எண்ணினார். அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மற்ற பூதங்கள் மறைந்தன. முன்னால் நின்றதும் மெல்ல வேகம் குறைந்து, உருவம் மங்கி, திருவிழாக் கால வேடத் துணிக்கடை வாசலில் தொங்கும் சாயம்போன உடுப்பு போல ஆகிக் காற்றில் ஆடியது. பிறகு சாதாரணக் காட்சிகள் சில வந்தன. அதற்குப் பிறகுதான் அவர் விழித்தார்.